வீட்டு வைஃபை: கண்ணுக்குத் தெரியாத வாசலைக் காப்போம்

 

இஷா தொழுதுவிட்டு வீடு திரும்பும் நேரத்தில் உங்கள் வீட்டைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். உம்மா வெளிநாட்டில் இருக்கும் மகனோடு வீடியோவில் பேசிக்கொண்டிருப்பார். மகள் கல்லூரிப் பாடத்தைப் போனில் பார்த்துக்கொண்டிருப்பாள். சின்னவன் கையில் பழைய டேப்லெட் இருக்கும். கூடத்தில் டிவி, வாசலில் கேமரா. வாப்பா கடைக் கணக்குக்கு யாருக்கோ பணம் அனுப்பிக்கொண்டிருப்பார். இத்தனையும் மூலையில் பச்சை விளக்கு மின்னும் ஒரு சின்னப் பெட்டி வழியாகத்தான் போய் வருகின்றன. நாம் மோடம் என்றும் ரூட்டர் என்றும் சொல்கிறோமே, அந்தப் பெட்டிதான்.

அதன் பாஸ்வேர்டு என்னவென்று கேட்டால் பல வீடுகளில் வரும் பதில், "வாப்பா போன் நம்பர்தான்" என்பது. அதைப் பொருத்திய நாளிலிருந்து யாராவது திறந்து பார்த்ததுண்டா என்று கேட்டால், "இல்லை, நல்லாத்தானே ஓடுது" என்பார்கள்.

வீட்டு வாசலை இரவில் தாழிட்டு, பிஸ்மில்லாஹ் சொல்லிப் பூட்டிவிட்டுத்தான் படுக்கிறோம். பிறர் வீட்டுக்குள் அனுமதி கேட்டு, ஸலாம் சொல்லிய பிறகே நுழைய வேண்டும் என்று சூரா அந்நூர் நமக்குக் கற்றுத் தருகிறது. வீட்டின் அந்தரங்கத்துக்கு மார்க்கம் கொடுத்துள்ள மதிப்பு அது. ஆனால் இன்று வீட்டுக்கு இன்னொரு வாசலும் உண்டு. அது கண்ணுக்குத் தெரியாது. அதை எப்படிக் காப்பது என்பதையே இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

சுவர் தடுக்காத அலை

வைஃபை என்பது ரேடியோ அலை. உங்கள் கூடத்தில் இருக்கும் ரூட்டரின் அலை சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்கும், மாடிக்கும், தெருவுக்கும் போகிறது. உங்கள் போனில் பக்கத்து வீட்டாரின் வைஃபை பெயர் தெரிகிறதல்லவா? அதுபோல உங்களுடையதும் அவர்களுக்குத் தெரியும். தெருவில் நிற்கும் எவரும் அந்த அலையைத் தம் கருவியில் பதிவு செய்துகொள்ள முடியும். அலையைத் தடுக்க முடியாது என்பதால், அதில் போகும் செய்தியைப் பூட்டித்தான் அனுப்ப வேண்டும்.

அந்தப் பூட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. 1997-ல் வைஃபை வந்தபோது அதோடு வந்த பூட்டின் பெயர் வெப். 2001-லேயே அதை ஆய்வாளர்கள் உடைத்துக் காட்டிவிட்டார்கள். 2003-ல் அவசரத் தீர்வாக டபிள்யூ.பி.ஏ. வந்தது. 2004-ல் இன்னும் உறுதியான டபிள்யூ.பி.ஏ.2 வந்தது. இன்று நம் வீடுகளில் பெரும்பாலும் இருப்பது இதுதான். பதின்மூன்று ஆண்டுகள் இதைப் பெரிய குறையில்லாத பூட்டு என்றே உலகம் நம்பியிருந்தது.

பூட்டிலேயே குறை: 2017-ல் நடந்தது

பெல்ஜியம் நாட்டில் லூவன் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கு ஆய்வு செய்துவந்த மேத்தி வான்ஹோஃப், அந்தப் பூட்டின் அமைப்பிலேயே ஒரு குறையைக் கண்டுபிடித்தார். 2017 அக்டோபர் 16 அன்று அது உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதற்கு வைத்த பெயர் 'கிராக்'.

குறை என்ன என்பதை எளிதாகப் பார்ப்போம். உங்கள் போன் வைஃபையில் சேரும்போது போனும் ரூட்டரும் தமக்குள் நான்கு செய்திகளைப் பரிமாறிக்கொள்கின்றன. "பாஸ்வேர்டு எனக்குத் தெரியும்" என்பதை, பாஸ்வேர்டை வெளியே சொல்லாமலேயே ஒருவருக்கொருவர் உறுதிப்படுத்திக்கொண்டு, அன்றைய பேச்சுக்கென்று ஒரு புதுச் சாவியை உண்டாக்குகின்றன. அந்தச் சாவியோடு ஒரு எண்ணும் சேர்ந்து, ஒவ்வொரு செய்திக்கும் ஒன்று இரண்டு மூன்று என்று கூடிக்கொண்டே போகும். ஒரே சாவியும் ஒரே எண்ணும் சேர்ந்து இரண்டாம் முறை வரக் கூடாது என்பதே பாதுகாப்பின் அடிப்படை.

அருகில் இருக்கும் ஒருவன் நடுவே புகுந்து, அந்த நான்கில் மூன்றாவது செய்தியை மறுபடியும் போனுக்கு வரும்படி செய்ய முடியும் என்று வான்ஹோஃப் காட்டினார். போன் என்ன செய்யும்? ஏற்கெனவே பயன்படுத்திய சாவியையே மீண்டும் போட்டுக்கொண்டு, எண்ணையும் முதலிலிருந்து தொடங்கிவிடும். ஒரே சீட்டை இரண்டு பேருக்குக் கொடுத்தது போல, இரண்டு செய்திகள் ஒரே பூட்டில் அகப்பட்டுக்கொள்ளும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தே உள்ளே இருப்பதை வெளியே எடுத்துவிடலாம். ஆண்ட்ராய்டு 6.0 இருந்த போன்களில் நிலைமை இன்னும் மோசம். அவற்றில் சாவி முழுவதும் வெறும் பூஜ்யமாகிவிட்டது. பூட்டே இல்லாதது போலத்தான்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. அந்தத் தாக்குதலில் யாரும் பாஸ்வேர்டைத் திருடவில்லை. பாஸ்வேர்டு எவ்வளவு கடினமாக இருந்தாலும், மாற்றினாலும், அது தீராது. தீர்வு ஒன்றே ஒன்றுதான்: கருவியை உருவாக்கிய நிறுவனம் தரும் திருத்தத்தைப் போட்டுக்கொள்வது. அதைத்தான் அப்டேட் என்கிறோம்.

வான்ஹோஃப் அந்தக் குறையைக் கண்டதும் ஊருக்குச் சொல்லிவிடவில்லை. 2017 ஜூலையிலேயே நிறுவனங்களுக்குத் தெரிவித்து, திருத்தம் தயாராக அவகாசம் கொடுத்தார். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அக்டோபர் 10 அன்றே விண்டோஸுக்கான திருத்தத்தைத் தந்துவிட்டது. ஆப்பிள் அக்டோபர் 31-ல் தந்தது. ஆண்ட்ராய்டுக்கான திருத்தம் நவம்பரில் வந்தது. ஆனால் ஆண்ட்ராய்டு போன்களைப் பல நிறுவனங்கள் தயாரிக்கின்றன. கூகுள் திருத்தம் கொடுத்தாலும், போன் தயாரித்த நிறுவனம் அதை நம் போனுக்கு அனுப்ப வேண்டும். பழைய போன்களுக்கு அவர்கள் அனுப்புவதை நிறுத்திவிடுகிறார்கள். சின்னவன் கையில் இருக்கும் அந்தப் பழைய டேப்லெட்டுக்குத் திருத்தம் வந்ததா என்று வீட்டில் யாருக்கும் தெரியாது.

2018-ல் டபிள்யூ.பி.ஏ.3 என்ற புதிய பூட்டு வந்தது. கிராக் முறை அதனிடம் எளிதில் செல்லாது. அதற்காக எல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. 2021 மே மாதத்தில் அதே வான்ஹோஃப் இன்னும் பல குறைகளை வெளியிட்டார். அவற்றில் சில 1997-ல் வைஃபை பிறந்தபோதே உடன் பிறந்தவை. அவர் 75-க்கும் மேற்பட்ட கருவிகளைச் சோதித்ததில் ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒரு குறை இருந்தது. மனிதன் செய்யும் பூட்டு எதுவும் குறையற்றது அல்ல. குறை வெளிப்படும்போது சரிசெய்துகொள்பவர் தப்பிக்கிறார். "நல்லாத்தானே ஓடுது" என்று விட்டுவிடுபவர் மாட்டிக்கொள்கிறார்.

சாவியில் குறை: போன் நம்பர் பாஸ்வேர்டு

பூட்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும், சாவியை வாசற்படியில் வைத்துவிட்டுப் போனால் என்ன பயன்? போன் நம்பரைப் பாஸ்வேர்டாக வைப்பது அப்படித்தான்.

2021-ல் டெல் அவிவ் நகரில் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் ஒரு சோதனை செய்தார். சாதாரணமாகக் கடையில் கிடைக்கும் சிறு கருவியோடு ஊரைச் சுற்றி, 5,000 வைஃபை இணைப்புகளின் அலைகளைப் பதிவு செய்துகொண்டு வந்தார். பிறகு அவற்றைக் கணினியில் போட்டுப் பார்த்தார். சுமார் 70 சதவீத இணைப்புகளின் பாஸ்வேர்டு கிடைத்துவிட்டது. முக்கியக் காரணம், அந்த ஊரிலும் மக்களில் பலர் தங்கள் கைபேசி எண்ணையே பாஸ்வேர்டாக வைத்திருந்தார்கள்.

நம் ஊர்க் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். நம் கைபேசி எண்ணுக்குப் பத்து இலக்கம். முதல் இலக்கம் 6, 7, 8, 9 என்ற நான்கில் ஒன்று. ஆக மொத்தம் 400 கோடி எண்கள்தான். கேட்க அதிகமாகத் தோன்றும். ஆனால் வீடியோ கேம் விளையாட வாங்கும் நல்ல கணினியே விநாடிக்குப் பல லட்சம் எண்களைச் சோதித்துவிடும். சில மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். இதற்காகத் திருடன் உங்கள் வாசலில் நிற்கவும் தேவையில்லை. முன்பு சொன்ன அந்த நான்கு செய்திகளை ஒரு தடவை பதிவு செய்துகொண்டு போனாலே போதும்.

அதோடு, உங்கள் போன் நம்பர் கடைப் பலகையிலும், கல்யாணப் பத்திரிகையிலும் இருக்கிறதே! தெரிந்தவருக்குக் கணினியே வேண்டாம்.

இங்கே நிலைமை தலைகீழ் என்பதைக் கவனியுங்கள். கிராக் குறைக்கு அப்டேட் மட்டுமே மருந்து, பாஸ்வேர்டு உதவாது. இந்தக் குறைக்குப் பாஸ்வேர்டு மட்டுமே மருந்து, அப்டேட் உதவாது. ஆகவே நமக்கு இரண்டும் வேண்டும். ஒன்றைச் செய்துவிட்டு மற்றதை விட்டால் காவல் பாதிதான்.

மறந்துபோன பின்வாசல்கள்

முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைப்புறக் கதவை மறப்பதுபோல மூன்று இடங்களை நாம் மறந்துவிடுகிறோம்.

முதலாவது, டபிள்யூ.பி.எஸ். பாஸ்வேர்டு தட்டாமல் ஒரு பொத்தானை அழுத்தியோ, எட்டு இலக்க எண்ணைக் கொடுத்தோ சேரும் வசதி இது. எட்டு இலக்கம் என்றால் பத்துக் கோடி எண்களைச் சோதிக்க வேண்டும் என்று தோன்றும். ஆனால் ரூட்டர் அதை இரண்டு பாதியாகப் பிரித்துச் சரிபார்க்கிறது. கடைசி இலக்கமும் மற்ற ஏழிலிருந்து கணக்கிட்டு வருவதுதான். ஆகவே 11,000 தடவை முயன்றால் போதும் என்று 2011 டிசம்பரிலேயே தெரிந்துவிட்டது. பாஸ்வேர்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இந்த வழி திறந்திருந்தால் பயனில்லை.

இரண்டாவது, ரூட்டரின் உள்ளே போகும் பாஸ்வேர்டு. வைஃபைக்கு ஒரு பாஸ்வேர்டு, ரூட்டரின் அமைப்புகளை மாற்ற வேறொரு பாஸ்வேர்டு. இரண்டாவது பல வீடுகளில் இன்னும் 'அட்மின்' என்ற கம்பெனிச் சொல்லாகவே இருக்கிறது. வைஃபையில் சேர்ந்துவிட்ட ஒருவன் இதைத் திறந்து, வங்கியின் பெயரைத் தட்டினால் போலிப் பக்கத்துக்குப் போகும்படி மாற்றிவைக்க முடியும். அப்படிப்பட்ட நேரத்தில் போன் திரையில் "இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்ற எச்சரிக்கை வரும். அதைத் தாண்டிச் செல்லும் பொத்தானை ஒருபோதும் அழுத்தாதீர்கள். மூடிவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

மூன்றாவது, கேமரா. 2016-ல் 'மிராய்' என்ற தீய மென்பொருள் உலகெங்கும் பரவியது. அது எந்த நுணுக்கமான வித்தையும் செய்யவில்லை. கம்பெனியில் வைத்து அனுப்பும் அறுபதுக்கும் மேற்பட்ட பெயர், பாஸ்வேர்டு ஜோடிகளை ஒவ்வொரு கேமராவிலும் ரூட்டரிலும் போட்டுப் பார்த்தது. அப்படியே பல லட்சம் கருவிகள் அதன் பிடிக்குள் போயின. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று அவற்றைக் கொண்டு நடத்திய தாக்குதலில் அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற பெரிய தளங்களே முடங்கின. அவற்றின் சொந்தக்காரர்கள் யாருக்கும் தங்கள் வீட்டுக் கேமரா இப்படி வேலை செய்கிறது என்று தெரியாது.

நம் வீடுகளில் கேமராவைப் பாதுகாப்புக்காகவே வைக்கிறோம். வாசலில் வைப்பது சரி. பெண்கள் புழங்கும் கூடத்திலும் அறையிலும் வைத்து, பாஸ்வேர்டையும் மாற்றாமல் விட்டால், யார் பார்வையிலிருந்து வீட்டைக் காக்க நினைத்தோமோ அந்தப் பார்வைக்கு நாமே சன்னல் திறந்து கொடுத்ததாகிவிடும்.

நமக்கு என்ன நஷ்டம்?

"எங்கள் வீட்டில் திருட என்ன இருக்கிறது? யாராவது கொஞ்சம் நெட் பயன்படுத்தினால் போகட்டுமே" என்று சிலர் நினைக்கலாம். 2008-ல் நடந்த ஒன்றை அவர்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

அந்த ஆண்டு ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்பு நடந்தது. அப்பாவிகள் பலர் உயிரிழந்தார்கள். அதற்குச் சற்று முன் செய்தி நிறுவனங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. புலனாய்வு அதிகாரிகள் அதன் தடத்தைப் பிடித்துப் போனபோது, நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வீட்டு இணைப்பில் போய் நின்றார்கள். அவர் அனுப்பியதல்ல. அவருடைய பாதுகாப்பில்லாத வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். தொடர்பே இல்லாத அந்த மனிதர் நீண்ட விசாரணைக்கு ஆளாக வேண்டியிருந்தது.

இணையத்தில் நடக்கும் எதன் தடமும் முதலில் வந்து நிற்பது இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வாசலில்தான். நிரபராதி என்று பின்னர் தெளிவாகலாம். அதற்குள் அந்தக் குடும்பம் படும் பாடு என்ன, தெருவும் உறவும் என்ன பேசும் என்பதை நம் சமுதாயத்துக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை. நம் பெயரில் உள்ள இணைப்பைக் காப்பது நம் கண்ணியத்தைக் காப்பதாகும்.

இன்னொன்று அமானிதம். வெளிநாட்டில் வியர்வை சிந்திச் சம்பாதித்து அனுப்பிய பணம், குடும்பப் புகைப்படங்கள், பிள்ளைகளின் சான்றிதழ்கள் எல்லாம் போனுக்குள் இருக்கின்றன. ஜமாஅத், மதரஸா, அறக்கட்டளை அலுவலகங்களில் இன்னும் கனமான பொறுப்பு உண்டு. உதவி கேட்டு வந்த விதவைப் பெண்ணின் ஆதார் நகல், ஏழைக் குடும்பத்தின் வங்கிக் கணக்கு எண், ஜகாத் பெறுவோர் பட்டியல் எல்லாம் அங்குள்ள கணினியில் இருக்கின்றன. அவர்கள் தங்கள் வறுமையை நம்மிடம் மட்டும் சொன்னவர்கள். அந்தக் கணினி இருக்கும் அதே வைஃபை பாஸ்வேர்டை வருவோர் போவோருக்கெல்லாம் கொடுப்பது முறையாகாது.

பயப்படவும் வேண்டாம்

இதையெல்லாம் படித்துவிட்டு வைஃபையையே அணைத்துவிட வேண்டாம். வங்கிச் செயலிகளும், முகவரிக்கு முன் பூட்டுக் குறி உள்ள இணையதளங்களும் தங்கள் செய்தியைத் தனியாக இன்னொரு பூட்டுப் போட்டே அனுப்புகின்றன. வாட்ஸ்அப்பில் பேசுவதும் எழுதுவதும் 2016 முதல் அப்படித்தான் போகின்றன. வைஃபை பூட்டு உடைந்தாலும் உள்ளே இந்தப் பூட்டு நிற்கும். கிராக் போன்ற தாக்குதலைச் செய்பவனும் உங்கள் அலை எட்டும் தூரத்துக்குள் வந்தாக வேண்டும். ஆபத்து உண்டு, ஆனால் அளவோடு உண்டு. நம் பங்குக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டால் பெரும்பகுதி நீங்கிவிடும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன நபிமொழி இதற்கும் பொருந்தும்.

அரை மணி நேர வேலை

வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு, வீட்டில் படித்த பிள்ளை ஒருவரை உடன் வைத்துக்கொண்டு கீழே உள்ளவற்றைச் செய்யுங்கள்.

1. ரூட்டரைத் திறங்கள். அதன் அடியிலோ பின்புறமோ ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். உள்ளே போகும் முகவரி அதில் இருக்கும். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. போனை வைஃபையில் சேர்த்துவிட்டு பிரவுசரில் அந்த எண்ணைத் தட்டினால் ரூட்டரின் பக்கம் வரும்.

2. முதலில் உள்ளே போகும் பாஸ்வேர்டை மாற்றுங்கள். அதை டைரியில் எழுதி, வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள்.

3. வைஃபை பாஸ்வேர்டை மாற்றுங்கள். எட்டு எழுத்திலிருந்து 63 எழுத்து வரை வைக்கலாம். போன் நம்பர், வண்டி நம்பர், பிள்ளையின் பெயர், பிறந்த தேதி வேண்டாம். தொடர்பில்லாத நான்கு சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதி நடுவே ஓர் எண்ணைப் போடுங்கள். குடை, நெல்லிக்காய், கப்பல், வெந்தயம் என்பது போல. நினைவில் நிற்கும், கண்டுபிடிப்பது கடினம். இங்கே அச்சிட்ட இதே சொற்களை மட்டும் வைத்துவிடாதீர்கள்.

4. பாதுகாப்பு வகை என்ற இடத்தில் டபிள்யூ.பி.ஏ.3 இருந்தால் அதையோ, 2-ம் 3-ம் சேர்ந்த வகையையோ தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் டபிள்யூ.பி.ஏ.2, அதில் ஏ.இ.எஸ். வெப் என்றோ, 'ஓப்பன்' என்றோ இருந்தால் உடனே மாற்றுங்கள். உங்கள் ரூட்டரில் வெப் தவிர வேறு வகையே இல்லை என்றால் அதற்கு ஓய்வு கொடுக்கும் காலம் வந்துவிட்டது.

5. டபிள்யூ.பி.எஸ். வசதியையும், வெளியிலிருந்து ரூட்டரை இயக்கும் 'ரிமோட் மேனேஜ்மென்ட்' வசதியையும் அணைத்துவிடுங்கள்.

6. ரூட்டருக்கு அப்டேட் இருக்கிறதா என்று பாருங்கள். தானாக அப்டேட் ஆகும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். இணைய நிறுவனமே கொடுத்த ரூட்டர் என்றால் அவர்களுடைய வாடிக்கையாளர் எண்ணுக்குப் பேசி, "இதற்கு அப்டேட் வருகிறதா, இல்லையென்றால் மாற்றித் தருவீர்களா?" என்று கேளுங்கள். மாதாமாதம் பணம் கட்டும் நமக்கு அதைக் கேட்கும் உரிமை உண்டு.

7. விருந்தினருக்கென்று தனி வைஃபை வைக்கும் வசதி பல ரூட்டர்களில் உண்டு. 'கெஸ்ட் நெட்வொர்க்' என்று இருக்கும். டிவி, கேமரா, பிள்ளைகளின் பழைய டேப்லெட், வரும் விருந்தாளிகள் எல்லாம் அதில். பணம் அனுப்பும் போனும் கணினியும் மட்டும் வீட்டு வைஃபையில்.

8. போனை எடுங்கள். செட்டிங்ஸில் போனைப் பற்றிய விவரம் உள்ள இடத்தில், ஆண்ட்ராய்டு பாதுகாப்பு அப்டேட் எந்தத் தேதியில் வந்தது என்று இருக்கும். ஓராண்டுக்கும் மேல் பழையதாக இருந்து, புதிதாக எதுவும் வரவில்லை என்றால், அந்தப் போனில் வங்கிச் செயலியும் பணம் அனுப்பும் செயலியும் வைக்காதீர்கள். பிள்ளைகளுக்குப் பழைய போனைக் கொடுக்கும்போது உங்கள் கணக்குகள் எல்லாவற்றையும் அதிலிருந்து நீக்கிவிட்டுக் கொடுங்கள்.

9. கேமராவின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். உள்ளறைகளில் கேமரா வேண்டுமா என்று குடும்பத்தோடு கலந்து பேசுங்கள்.

10. தேவையில்லாத நேரத்தில் புளூடூத்தை அணைத்து வையுங்கள். 2017 செப்டம்பரில் வெளியான 'புளூபோர்ன்' என்ற குறை, புளூடூத் போட்டிருந்த கருவிக்குள் எதையும் அழுத்தாமலேயே நுழைய வழி கொடுத்தது. அதற்கும் மருந்து அப்டேட்தான்.

பாஸ்வேர்டை மாற்றியதும் வீட்டில் உள்ள எல்லாக் கருவிகளும் துண்டிக்கப்படும். ஒவ்வொன்றாக மறுபடி சேர்க்க வேண்டும். கொஞ்சம் சிரமம்தான். ஆனால் அழைக்காமல் சேர்ந்திருந்தவர்களும் அதோடு வெளியே போய்விடுவார்கள்.

பயணத்திலும் உம்ராவிலும்

ரயில் நிலையம், விமான நிலையம், ஹோட்டல் ஆகிய இடங்களில் இலவச வைஃபை கிடைக்கிறது. மக்காவிலும் மதீனாவிலும் தங்கும் ஹோட்டல்களிலும் உண்டு. வீட்டுக்குப் பேசி ஸலாம் சொல்ல அதைப் பயன்படுத்தலாம். ஆனால் அந்தப் பெயரில் தெரிவது ஹோட்டலின் வைஃபைதானா என்பது உங்களுக்குத் தெரியாது. அதே பெயரில் எவரும் ஒரு வைஃபையை உண்டாக்கிவிட முடியும். வரவேற்பில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பணம் அனுப்புவது, வங்கிக் கணக்கைப் பார்ப்பது போன்றவற்றுக்கு சிம் கார்டின் டேட்டாவையே பயன்படுத்துங்கள். ஊர் திரும்பியதும் போனில் சேமித்துள்ள அந்த ஹோட்டல் வைஃபையை 'மறந்துவிடு' என்று நீக்கிவிடுங்கள். இல்லையென்றால் அதே பெயரைக் காணும் இடத்தில் போன் தானாகப் போய்ச் சேர்ந்துகொள்ளும்.

ஏதேனும் நடந்துவிட்டால்

கணக்கிலிருந்து நீங்கள் அறியாமல் பணம் போனால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே வங்கிக்குச் சொல்லுங்கள். 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். சைபர் கிரைம் டாட் கவ் டாட் இன் என்ற அரசு இணையதளத்திலும் புகார் பதியலாம். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு தூரம் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு. உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் வெளியார் செயலால் பணம் போய், வங்கியின் தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் நீங்கள் தெரிவித்துவிட்டால், அந்த நஷ்டம் வாடிக்கையாளரைச் சேராது என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் சுற்றறிக்கை வெளியிட்டது. ஆனால் ஓ.டி.பி.யை நாமே பிறரிடம் சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போன பணம் நம் பொறுப்பாகிவிடும். யார் கேட்டாலும் ஓ.டி.பி.யைச் சொல்லக் கூடாது என்பதை வீட்டுப் பெரியவர்களுக்கு அடிக்கடி நினைவூட்டுங்கள்.

அண்டை வீட்டார்

கடைசியாக ஒரு வார்த்தை. பக்கத்து வீட்டு வைஃபையின் பாஸ்வேர்டு எப்படியோ தெரிந்துவிட்டது என்பதற்காக, கேட்காமல் பயன்படுத்துவது சின்ன விஷயம் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். அது பிறர் பொருள், அனுமதியில்லாமல் எடுப்பது அடியார்களின் ஹக்கில் வரும் என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். அதே சமயம், பரீட்சைக்குப் படிக்கும் அண்டை வீட்டுப் பிள்ளைக்கு நெட் இல்லையென்றால் கெஸ்ட் வைஃபையைத் திறந்து கொடுங்கள். யாருக்குக் கொடுத்தோம் என்பது தெரிந்து கொடுப்பதுதான் முக்கியம்.

நம் மஹல்லாவில் கணினி படித்த இளைஞர்கள் பலர் இருக்கிறார்கள். வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீடுகளுக்கும், ஆண்கள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளுக்கும், வீட்டாரின் சம்மதத்தோடும் மஹ்ரமானவர்கள் உடனிருக்கவும் சென்று, இந்த அரை மணி நேர வேலையைச் செய்து கொடுத்தால் அதுவும் ஒரு ஸதக்காதான். பாஸ்வேர்டை வீட்டார் கையாலேயே தட்டச் செய்துவிட்டு, தான் திரும்பி நின்றுகொள்ளும் பிள்ளையைத் தேர்ந்தெடுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் வீடுகளையும், அவற்றின் கண்ணியத்தையும், நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்களையும் பாதுகாப்பானாக! ஆமீன்.